குழலின் முறுக்கும் குண்டின் நீளமும்

ரைபிள் எனப்படும் நெடுந்துப்பாக்கியின் குழலுக்குள் திருகாக வெட்டப்பட்ட பள்ளங்கள், அதன் வழியே தள்ளப்படும் குண்டைத் தன் அச்சில் சுழலவைத்து வெளியே அனுப்புகின்றன என்பது பலரும் அறிந்த செய்தி. அந்தத் திருகு எவ்வளவு நெருக்கமாக இருக்கவேண்டும், எந்தக் குண்டுக்கு எந்த நெருக்கம் போதும் என்ற கேள்விக்கு மட்டும் படைத்துறைகளும் வேட்டைக்காரர்களும் போட்டியாளர்களும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக விலை கொடுத்தே விடை கண்டிருக்கிறார்கள். தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்ளும் வழக்கமுள்ள நாடுகளில் இது ஒவ்வொரு துப்பாக்கிக்காரரின் அன்றாடக் கேள்வியாகவும், இந்தியாவில் பெரும்பாலும் படைக்கலத் தொழிற்சாலைகளின் கேள்வியாகவும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் விடை ஒன்றே: முறுக்கைத் தீர்மானிப்பது குண்டின் நீளம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் எடை, அந்த நீளத்தை ஊகிக்க உதவும் ஓர் அடையாளம் மட்டுமே. சில வேளைகளில் தவறான அடையாளமும்கூட.

சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. தோட்டா என்பது பித்தளை உறை, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே எரிந்து வாயுவாகும் உந்துமருந்து, முனையில் செருகப்பட்ட குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப்பொருள். குண்டு என்பது அவற்றுள் பறந்து செல்லும் பகுதி மட்டும். குழலின் உட்சுவரில் வெட்டப்பட்டவை பள்ளங்கள், அவற்றுக்கிடையே எஞ்சி நிற்பவை மேடுகள். மேடுகள் குண்டின் செப்புப் போர்வையில் அழுந்திப் பிடித்துக்கொள்வதால்தான் குண்டு முன்னேறும்போதே சுழலவும் செய்கிறது. குண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதற்குள் குழலில் கடக்கும் தொலைவே முறுக்கு விகிதம் எனப்படுகிறது. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் அது தளர்ந்த முறுக்கு, 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் இறுகிய முறுக்கு. குண்டின் எடையை இத்துறையில் உலகெங்கும் கிரெய்ன் என்ற பழைய அலகால் குறிக்கிறார்கள். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம், ஆகவே 62 கிரெய்ன் குண்டு ஏறத்தாழ 4 கிராம் எடையுள்ளது.

குன்னத்தூரைச் சுற்றியுள்ள நூற்பாலைகளிலும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும் பணிபுரிவோருக்கு இந்தச் சிக்கலின் வடிவம் புதியதன்று. ஓர் அங்குல நூலில் எத்தனை முறுக்கு என்பதை டி.பி.ஐ. என்றும், அதை நூலின் கவுண்டோடு இணைக்கும் எண்ணை டி.எம். என்றும் அவர்கள் நாள்தோறும் பேசுகிறார்கள். கவுண்டின் வர்க்கமூலத்தை டி.எம்.ஆல் பெருக்கினால் டி.பி.ஐ. கிடைக்கும். பின்னலாடைக்கான 30ஆம் நம்பர் நூலுக்கு டி.எம். 3.5 என்று வைத்தால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 19 முறுக்கு வருகிறது; நெசவின் பாவு நூலுக்கு டி.எம். 4க்கு மேல் போகிறது. முறுக்குக் குறைந்தால் நூல் பலமின்றி அறுந்துவிடும், கூடினால் சிங்கிள் ஜெர்சி துணியில் பின்னல் வரிசைகள் சாய்ந்து, துவைத்தபின் பனியனின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கமாகத் திருகிக்கொண்டு வந்து நிற்கும். பொருளின் உடல் அளவுக்கு ஏற்ற முறுக்கு ஒன்று உண்டு, அதற்குக் கீழே போவதும் தீங்கு, வெகுவாக மேலே போவதும் தீங்கு என்ற அந்த அறிவு துப்பாக்கிக் குழலுக்கும் அப்படியே பொருந்துகிறது. வேறுபாடு ஒன்றுதான்: நூலில் கணக்கைத் தீர்மானிப்பது பருமன், குண்டில் தீர்மானிப்பது நீளம்.

நீளம் ஏன் என்பதற்குக் காரணம் காற்றில் இருக்கிறது. கூர்முனைக் குண்டு ஒன்றின் நிறை மையம், அதாவது அதன் எடை முழுவதும் திரண்டிருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி, தடித்த பின்பகுதியை ஒட்டி அமைகிறது. காற்றின் எதிர்விசை திரண்டு தாக்கும் புள்ளியோ அதற்கு முன்னால், மூக்குப் பக்கமாக அமைகிறது. ஆகவே குண்டு சற்றே தலை தூக்கினாலும் காற்று அதை மேலும் தூக்கிப் பின்னுக்குப் புரட்டிவிடவே முயல்கிறது. குண்டு நீளமாக ஆக இவ்விரு புள்ளிகளுக்கும் இடையிலுள்ள தொலைவு கூடி, புரட்டும் விசையின் நெம்புகோலும் நீள்கிறது. விரைவாகச் சுழலும் பொருளுக்கோ தன் அச்சின் திசையை விட்டுக்கொடுக்காத இயல்பு உண்டு. போதிய சுழற்சியுள்ள குண்டைக் காற்று புரட்ட முயன்றால், அது கவிழாமல், மூக்கு ஒரு சிறு வட்டத்தில் அலைந்து மெல்ல அடங்கிவிடுகிறது. சுழற்சி தரும் இந்த விறைப்பைக் காற்றின் புரட்டும் விசையோடு ஒப்பிட்டுப் பெறும் எண்ணே நிலைப்பு எண்; அது 1க்குக் கீழே இருந்தால் குண்டு கவிழ்கிறது, 1க்கு மேலே இருந்தால் நிமிர்ந்து பறக்கிறது.

கவிழ்ந்த குண்டின் சாட்சி இலக்குத் தாளிலேயே பதிந்துவிடும். நேராக வந்த குண்டு தாளில் சாம்பல் விளிம்புள்ள வட்டமான துளையை விடுகிறது. நிலை குலைந்து பக்கவாட்டில் வந்த குண்டோ தன் நிழலுருவத்தையே வெட்டியதுபோல, ஒரு முனை கூராகவும் மறுமுனை தட்டையாகவும் நீண்ட கிழிசலை விடுகிறது. நூறு கஜத்துக்குள்ளேயே அத்தகைய கிழிசல் தென்பட்டால், மருந்தின் அளவையோ பார்வைக் கருவியையோ ஆராய்வதற்கு முன் குழலின் முறுக்கையும் குண்டின் நீளத்தையும் எடுத்து ஒப்பிடவேண்டும்.

இந்திய வரலாற்றில் இந்தக் கேள்வி நுழைந்த காலம் 1857. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களுக்கு அவ்வாண்டு வழங்கப்படத் தொடங்கிய 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிளின் தோட்டாக் காகிதத்தில் தடவப்பட்ட கொழுப்பே பெருங்கிளர்ச்சியின் உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று என்பது பள்ளிப் பாடம். அந்தக் கொழுப்பு ஏன் தேவைப்பட்டது என்பது பாடத்தில் வருவதில்லை. வாய்வழியே திணிக்கப்படும் அந்தத் துப்பாக்கியில், கரிமருந்தின் கசடு படிந்த பள்ளங்களின் ஊடே குண்டு வழுக்கி இறங்குவதற்கு எண்ணெய்ப்பசை இன்றியமையாததாக இருந்தது. அந்த ரைபிளின் உள்விட்டம் 0.577 அங்குலம், குழலின் நீளம் 39 அங்குலம், முறுக்கு 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதாவது குண்டு குழலை விட்டு வெளியேறும்போது அரைச் சுற்று மட்டுமே சுற்றியிருக்கும். இன்றைய கண்ணுக்கு இது வியப்பூட்டும் தளர்வு. ஆனால் அதன் 530 கிரெய்ன் ஈயக்குண்டு குட்டையானது, விட்டத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நீளமே உள்ளது. அதற்கு அந்த முறுக்கே போதுமானதாக இருந்தது.

அதே ஆண்டுகளில் மான்செஸ்டரின் பொறியாளர் ஜோசப் விட்வொர்த், அதே 530 கிரெய்ன் எடையை 0.451 அங்குல உள்விட்டத்துக்குள் அடக்கி ஒரு ரைபிளை உருவாக்கினார். எடை மாறாமல் விட்டம் சுருங்கியதால் குண்டு நீண்டு, விட்டத்தைப்போல் சுமார் மூன்று மடங்காயிற்று. அதை நிமிர்த்தி நிறுத்த அவர் தேர்ந்த முறுக்கு 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று, என்ஃபீல்டின் முறுக்கைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு இறுக்கம். 1857இல் நடந்த ஒப்புச் சோதனைகளில் தொலைவு கூடக்கூட விட்வொர்த் என்ஃபீல்டைப் பின்தள்ளியது. ஆனால் விலை மிகுதி, குறுகிய குழலில் கசடு விரைவாக அடைத்துக்கொள்ளும் தொல்லை ஆகியவற்றால் படை அதைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்கவில்லை. எடை ஒன்றாகவே இருக்க, நீளம் மாறியதாலேயே முறுக்கு நான்கு மடங்காக வேண்டியிருந்தது என்பதற்கு இந்த இணையைவிடத் தெளிவான சான்று பிற்கால வரலாற்றிலும் எளிதில் கிடைப்பதில்லை.

இந்த அனுபவ அறிவைக் கணக்காக்கியவர் ஆல்ஃபிரெட் ஜார்ஜ் கிரீன்ஹில். வூல்விச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த அவர், 1879இல் வகுத்த விதி மிக எளிமையானது: குண்டின் நீளத்தை அதன் விட்டத்தால் வகுத்து, எத்தனை விட்டம் நீளம் என்று காணவேண்டும், 150ஐ அந்த எண்ணால் வகுத்தால், எத்தனை விட்டத் தொலைவுக்கு ஒரு சுற்று வேண்டும் என்ற விடை வரும். நவீன ரைபிள்களின் உயர்ந்த வேகத்துக்கு, நொடிக்கு 2,800 அடிக்கு மேல் என்றால், 150க்குப் பதிலாக 180ஐப் பயன்படுத்துவது பின்னர் வழக்கமாயிற்று. இந்த விதியில் குண்டின் எடைக்கு இடமே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஈயக்கருவுள்ள குண்டின் அடர்த்தியை, நீரைப்போல் 10.9 மடங்கு என, அது உள்ளுக்குள் கொண்டிருக்கிறது; அடர்த்தி குறைந்த பொருளால் குண்டு செய்யப்பட்டால் முறுக்கை மேலும் இறுக்கிக்கொள்ளவேண்டும்.

தமிழ்நாட்டு மண்ணோடு இந்த வரலாறு நேரடியாகத் தொடர்புகொள்ளும் இடம் நீலகிரி. குன்னூருக்கு அருகில் அருவங்காட்டில் 1904இல் அமைந்த கார்டைட் தொழிற்சாலை, பிரிட்டிஷ் இந்தியப் படையின் தோட்டாக்களுக்கு வேண்டிய உந்துமருந்தைச் செய்வதற்காகவே எழுந்தது. கார்டைட் என்பது நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் கனிமப் பசையும் கலந்து இழைகளாகப் பிழியப்பட்ட புகையற்ற மருந்து. கரிமருந்தைவிட ஆற்றல் மிக்கது, ஆனால் மிகுந்த வெப்பத்தோடு எரிவது. அந்த வெப்பமே குழலில் பள்ளம் வெட்டும் கலையை மாற்றியமைத்தது. கரிமருந்தின் கசடு தங்காதிருக்க வில்லியம் மெட்ஃபோர்டு வகுத்த ஆழமற்ற, விளிம்பு மழுங்கிய ஏழு பள்ளங்கள், கார்டைட்டின் தழலில் சில ஆயிரம் சூடுகளிலேயே அரித்துப்போயின. 1895இல் அவற்றுக்குப் பதிலாக என்ஃபீல்டு தொழிற்சாலை ஆழமான, கூர்விளிம்புள்ள ஐந்து பள்ளங்களை அமைத்தது; .303 லீ-என்ஃபீல்டு பிறந்தது இவ்வாறே. பள்ளங்களின் உருவம் மாறினாலும் முறுக்கு மட்டும் மாறாமல், 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, இடப்புறமாக என்றே நீடித்தது. பின்னர் வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையும் இந்த ரைபிளைப் பெருவாரியாகச் செய்தது.

அந்த மாறாத முறுக்கு ஒரு பெரிய மாற்றத்தைத் தாங்கிக்கொண்டது. .303இன் பழைய ஆறாம் மார்க் குண்டு மழுங்கிய மூக்குடையது, 215 கிரெய்ன் எடையுள்ளது. 1910இல் வந்த ஏழாம் மார்க் குண்டு கூர்மூக்குடையது, 174 கிரெய்ன் மட்டுமே. எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டதே, ஆகவே முறுக்கைத் தளர்த்தலாமே என்று எடையை மட்டும் பார்ப்பவர் நினைக்கக்கூடும். உண்மையில் புதிய குண்டு பழையதைவிடக் குட்டையானதன்று, ஏறத்தாழ 1.28 அங்குல நீளமுள்ளது. அதன் போர்வையைப் பிளந்து பார்த்தால் காரணம் விளங்கும்: மூக்கின் உள்ளே ஈயத்துக்குப் பதிலாக அலுமினியத் துண்டு வைக்கப்பட்டிருக்கும், போர்க்காலத்தில் மரக்கூழும் வைக்கப்பட்டது. எடை குறைந்தும் நீளம் நிலைத்தது இதனால்தான். நிறை மையம் மேலும் பின்னுக்குத் தள்ளப்பட்டதும் இதனால்தான். கிரீன்ஹில் விதிப்படி இந்தக் குண்டுக்கு 11 அங்குலத்தை ஒட்டிய முறுக்குப் போதும். குழல் 10 அங்குலம் தந்ததால் சிறு சேமிப்பு இருந்தது, குழலை மாற்றவேண்டிய தேவை எழவில்லை. முறுக்கைத் தேர்பவர் சற்றே இறுக்கமான பக்கம் சாய்வது எவ்வளவு தொலைநோக்கானது என்பதற்கு லீ-என்ஃபீல்டு நல்ல எடுத்துக்காட்டு.

அத்தொலைநோக்கு இல்லாதபோது நேர்ந்ததை அமெரிக்க எம்-16 ரைபிளின் கதை காட்டுகிறது. 5.56 மி.மீ. குழலுடைய அந்தத் துப்பாக்கியின் முதல் வடிவம் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற தளர்ந்த முறுக்கோடு வந்தது. அதன் 55 கிரெய்ன் குண்டு 19 மி.மீ.ஐ ஒட்டிய நீளமுள்ளது, ஆகவே நிலைப்பு எண் 1ஐ ஒட்டியே நின்றது. இதமான காலநிலையில் குறை வெளிப்படவில்லை; ஆர்க்டிக் குளிரில் நடந்த சோதனையில், குளிர்ந்த காற்று அடர்ந்து புரட்டும் விசை கூடியபோது, குண்டுகள் சிதறின. 1963இல் முறுக்கு 12 அங்குலத்துக்கு இறுக்கப்பட்டது. பிறகு பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் முனையில் எஃகுத் துண்டு கொண்ட எஸ்.எஸ்.109 என்ற 62 கிரெய்ன் குண்டை உருவாக்கியது. நேட்டோ நாடுகள் 1980இல் அதைப் பொது அளவாக ஏற்றன. எடையில் 7 கிரெய்ன், அதாவது அரை கிராமுக்கும் குறைவான வேறுபாடு. நீளமோ 23 மி.மீ.ஐ எட்டியது, ஏனெனில் எஃகு ஈயத்தைவிட இலேசானது, அதே எடைக்கு அதிக இடம் கேட்பது.

இந்த இடத்தில் கிரீன்ஹில் விதியைக் கையில் எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். குண்டின் விட்டம் 5.69 மி.மீ.; 19 மி.மீ. நீளக் குண்டு 3.34 விட்டம் நீளமானது. 180ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ 54 விட்டம், அதாவது 12 அங்குலம் வருகிறது. 23 மி.மீ. நீளக் குண்டுக்கு அதே கணக்கு 10 அங்குலத்தைத் தருகிறது. அதனுடன் இணைந்து வந்த, பின்புறத்தில் ஒளிமருந்து அடைத்த தடங்காட்டிக் குண்டு இன்னும் நீளமானது, 29 மி.மீ.ஐ ஒட்டியது, அதற்கு 8 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவான முறுக்கு வேண்டும். ஆக, 12 அங்குல முறுக்குள்ள பழைய எம்-16இல் புதிய குண்டை இட்டுச் சுட்டபோது அது நூறு கஜத்துக்குள்ளேயே கவிழ்ந்து இலக்கைப் பக்கவாட்டில் கிழித்தது எதிர்பார்க்கத்தக்கதே. எம்-16 ஏ2 என்ற திருத்திய துப்பாக்கி 7 அங்குல முறுக்கோடு வந்ததற்குக் காரணம் பலர் நினைப்பதுபோல் 62 கிரெய்ன் குண்டன்று. அதற்கு 9 அங்குலமே போதும். தடங்காட்டிக் குண்டின் நீளமே 7ஐக் கேட்டது. ஒரு குழல் பல குண்டுகளுக்குப் பணிபுரியவேண்டுமென்றால், அவற்றுள் மிக நீளமானதே முறுக்கைத் தீர்மானிக்கும் என்ற படிப்பினை இங்கே தெளிவாகக் கிடைக்கிறது.

எடைக்கு இக்கணக்கில் இடமே இல்லையா என்ற ஐயத்துக்கு டான் மில்லர் என்ற அமெரிக்கர் 2005இல் வெளியிட்ட விதி விடை தருகிறது. கிரீன்ஹில் விதி ஒரே ஒரு முறுக்கைச் சொல்லி நின்றுவிட, மில்லர் விதி எடை, விட்டம், நீளம், முறுக்கு ஆகிய நான்கையும் கொண்டு நிலைப்பு எண்ணையே கணித்துத் தருகிறது. அதில் எடை கூடினால் நிலைப்பு நேர்விகிதத்தில் கூடுகிறது; நீளம் கூடினால் ஏறத்தாழ அதன் மும்மடியில் நிலைப்புக் குறைகிறது. ஒரே நீளமுள்ள இரு குண்டுகளில் கனமானதே நன்றாக நிற்கும் என்பதுதான் இதன் பொருள். கனமான குண்டுக்கு இறுகிய முறுக்கு வேண்டும் என்ற வழக்குமொழி, கனமானவை பொதுவாக நீளமாகவும் இருக்கின்றன என்பதால் மட்டுமே உண்மையாகிறது. எஸ்.எஸ்.109 குண்டை மில்லர் விதியில் இட்டால் 12 அங்குல முறுக்கில் 0.8ஐ ஒட்டியும், 9 அங்குலத்தில் 1.5ஐ ஒட்டியும், 7 அங்குலத்தில் 2.4ஐ ஒட்டியும் நிலைப்பு எண் கிடைக்கிறது. 1க்கு மேல் வந்தாலே குண்டு நிமிர்ந்து பறக்கும் என்றாலும், 1.5க்குக் கீழே அது சற்றுத் தலையாட்டிக்கொண்டே சென்று காற்றில் வேகத்தைக் கூடுதலாக இழக்கிறது. ஆகவே தொலைவுக்குச் சுடுவோர் 1.5ஐக் கீழ் எல்லையாகக் கொள்கிறார்கள்.

மில்லர் விதியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. வேகம் கூடினால் சுழற்சியும் கூடுகிறது, ஆனால் காற்றின் புரட்டும் விசையும் உடன் கூடிவிடுவதால், நிலைப்பில் கிடைக்கும் ஆதாயம் வேகத்தின் கனமூல அளவே. வேகத்தைப் பத்து விழுக்காடு உயர்த்தினாலும் நிலைப்பு மூன்று விழுக்காடுதான் உயரும். குண்டு கவிழ்கிறதே என்று மருந்தை அதிகப்படுத்திச் சரிசெய்ய முனைவது ஆகவே பயனற்ற முயற்சி. குழலின் அழுத்தம் எல்லை மீறி, சுடுபவரின் கையும் கண்ணும் போகக்கூடிய ஆபத்தான முயற்சியும்கூட. முறுக்குப் போதாத குழலுக்கு மருந்து மாற்று இல்லை; குட்டையான குண்டோ வேறு குழலோதான் மாற்று.

காற்றின் அடர்த்தி பற்றியும் இந்திய நிலவியலுக்கு ஏற்ற ஒரு தெளிவு தேவைப்படுகிறது. குளிர் நிலைப்பைக் கெடுக்கும் என்ற செய்தியைக் கேட்பவர், சியாச்சினின் பனியில் நிற்கும் வீரரின் துப்பாக்கியே மிகுந்த இடருக்கு உள்ளாகும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை வேறு. 5,400 மீட்டர் உயரத்தில், சுழியத்துக்குக் கீழே 30 பாகைக் குளிரிலும், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தின் வழக்கமான அடர்த்தியில் 60 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். குளிர் கூட்டியதைவிட உயரம் குறைத்தது மிகுதி. அங்கே குண்டின் நிலைப்புக் கூடத்தான் செய்கிறது. கொங்குச் சமவெளியின் கோடை வெயிலில் நன்றாக நிற்கும் குண்டு அருவங்காட்டின் மலைக்காற்றிலும் நிற்கும். உயரமும் இல்லாமல் கடுங்குளிரும் சேர்ந்த வடதுருவத் தாழ்நிலங்களே உண்மையான சோதனைக்களம், எம்-16 தோற்றதும் அத்தகைய குளிர்க்காற்றில்தான்.

தோட்டாவைத் தாமே நிரப்புவோரின் நடைமுறைக்கு வந்தால், முதல் வேலை குழலின் உண்மையான முறுக்கை அளப்பது. குழலில் பொறித்திருப்பதை நம்பிவிடுவதைவிட, தடையின்றிச் சுழலும் பிடியுள்ள துடைப்புக் கம்பியில் இறுக்கமான துணித்துண்டைப் பொருத்தி, குண்டு ஏதும் இல்லாத குழலுக்குள் மெல்லத் தள்ளி, கம்பியின் மேற்புறம் ஒரு கோடு கிழித்துக்கொண்டு, அந்தக் கோடு முழுச்சுற்றுச் சுற்றி மீண்டும் மேலே வரும்வரை கம்பி எவ்வளவு உள்ளே போயிற்று என்று அளப்பவர் ஐயமின்றித் தெரிந்துகொள்கிறார். இரண்டாவது வேலை குண்டின் நீளத்தை வெர்னியர் அளவியால் அளப்பது. இன்று இது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. ஈயத்தின் நச்சைத் தவிர்க்கும் பொருட்டு முழுச் செம்பால் செய்த குண்டுகள் பரவிவருகின்றன, செம்பின் அடர்த்தி 8.9 மட்டுமே. அதே எடையுள்ள செப்புக்குண்டு ஈயக்குண்டைவிடக் கணிசமாக நீளமானது. பழைய எடையையே நம்பி வாங்கியவர் தம் குழலில் அது நிற்கவில்லை என்பதை இலக்குத் தாளில்தான் கண்டறிவார்.

மிகையான முறுக்கின் தீங்கு மென்மையானது, ஆனால் இல்லாததன்று. நொடிக்கு 3,000 அடி வேகத்தில் 7 அங்குல முறுக்கிலிருந்து வெளியேறும் குண்டு நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. 12 அங்குல முறுக்கில் அதுவே 1,80,000. போர்வையின் தடிப்பில் மயிரிழை வேறுபாடு இருந்தாலும் அதை இந்தச் சுழற்சி பெருக்கிக் காட்டி, துளைகளை அகலச் சிதறவைக்கும். மெல்லிய போர்வையுள்ள இலேசான வேட்டைக்குண்டுகள் இந்தச் சுழற்சியில் நடுவழியிலேயே வெடித்துத் தூளாவதும் உண்டு. இலக்கில் துளையே இல்லாமல், வழியில் ஒரு சாம்பல் கீற்று மட்டும் தெரியும். இருந்தும், குறைவு, மிகை ஆகிய இரு குற்றங்களில் மிகையே பொறுக்கத்தக்கது. இன்று குண்டுகள் அனைத்துலகிலும் சீராகச் செய்யப்படுவதால் அதன் தீங்கு பெரும்பாலும் சிறிதே.

இந்தியாவில் இந்தத் தேர்வுச் சுதந்திரம் தனியாருக்கு மிகக் குறைவு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமமின்றித் துப்பாக்கி மட்டுமன்றித் தோட்டாத் தயாரிப்பதையும் தடை செய்கிறது. இந்திய உரிமக்காரர்களுக்குப் பழகிய .315 வேட்டை ரைபிள், படைத்துறை அளவான .303 தனியாருக்கு மறுக்கப்பட்டதால், ஆஸ்திரிய மான்லிச்சரின் 8 மி.மீ. தோட்டாவை அடியொற்றி உருவானது. அரசுத் தொழிற்சாலை எந்தக் குண்டை இட்டுத் தருகிறதோ அதையே உரிமக்காரர் சுடவேண்டும். குழலையும் குண்டையும் பொருத்தும் பொறுப்பு ஆக, தொழிற்சாலையைச் சார்ந்துவிடுகிறது. 1966இல் தொடங்கிய திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலை, 2021 அக்டோபர் முதல் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. அருவங்காடு புனேவைத் தலைமையிடமாகக் கொண்ட வேறொரு நிறுவனத்தின் கீழ் போயிற்று. குழல் ஒரு நிறுவனத்தில், மருந்து மற்றொன்றில் என்ற இந்தப் பிரிவினையில், இரண்டையும் பொருத்திப் பார்க்கும் சோதனைக்கூடத்தின் பங்கு முன்னைவிடப் பெரிதாகிறது. திருச்சி செய்யும் 7.62 × 39 மி.மீ. ரைபிள் ஏ.கே. வகையைச் சேர்ந்தது, அவ்வகையில் 240 மி.மீ.க்கு ஒரு சுற்று என்பதே வழக்கமான முறுக்கு. குண்டின் கரு எஃகு என்பதால் எடைக்கு மிஞ்சிய நீளம் அதற்கு உண்டு. அதை எண்ணிப் பார்த்தாலும் தேவையைவிடத் தாராளமான முறுக்கு அது.

விளையாட்டுத் துப்பாக்கிச்சூட்டில் நிலைமை இன்னொரு விதமாக அமைகிறது. 50 மீட்டர் ரைபிள் போட்டியின் .22 தோட்டாவில் பிரைமர் தனியாக இல்லாமல் உறையின் விளிம்பிலேயே பூசப்பட்டிருப்பதால், ஒருமுறை சுட்ட உறையை மறுபடி நிரப்ப இயலாது. முறுக்கும் உலகெங்கும் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றும், குண்டு 40 கிரெய்ன் என்றும் நிலைத்துவிட்டது. பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024இல் இந்தியாவின் சுவப்னில் குசாலே வெண்கலம் வென்ற போட்டியும் இத்தோட்டாவுக்குரியதே. ஆயினும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகைத் தோட்டாவிலும் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியும் நுண்ணளவில் வேறுபடுகிறது. தேர்ந்த போட்டியாளர் தம் ரைபிளைப் பற்றுச்சட்டத்தில் இறுக்கி, தொகுதி தொகுதியாகச் சுட்டு, பத்துத் துளைகளும் மிக நெருங்கி விழும் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணுள்ள பெட்டிகளையே ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ போதுமான அளவு வாங்கி வைக்கிறார்.